பேரேட்டில் பத்திக்குப் பெயரிடுதல்

அன்பர்கள் இப்பகுதியில் வழக்கமாக எதிர்பார்ப்பவை விழாச் செய்தி, கல்வி உதவி பற்றிய குறிப்பு, ஊருக்குச் செல்லும் ரயில்கள் குறித்த முறையீடு போன்றவை. இம்மாதம் நாம் எழுதப் புகுந்திருப்பதோ சற்று வறண்ட பொருள். நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு கணிப்பொறியில் மீண்டும் புதிதாக அமைக்கப்பட இருக்கிறது. அதிலுள்ள அட்டவணைகளுக்கும் அவற்றின் பத்திகளுக்கும் என்ன பெயர் இடுவது, ஆங்கில எழுத்தில் எழுதுவதாயின் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்பதே பொருள். "இதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமா?" என்று நகைக்கும் அன்பர்கள் சிறிது பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம். இந்தச் சிறு காரியத்தில் நாம் காட்டிய கவனக்குறைவினால் நம் உறுப்பினர் ஒருவருடைய மனைவியார் ஏழு மாதம் துன்புற நேர்ந்தது.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முலுண்டில் குடியிருந்த உறுப்பினர் ஒருவர் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கத்தில் இருந்தவர். ஆறு மாதத்திற்கு ஒருமுறை செலுத்தவேண்டிய குடும்ப நல நிதிச் சந்தாவை அவர் ஒருபோதும் தவறவிட்டவர் அல்லர். விதிப்படி அவருடைய மனைவியாருக்கு உதவித் தொகை உடனே சென்றிருத்தல் வேண்டும். செல்லவில்லை. மூன்றாம் மாதத்தில் அம்மையார் அலுவலகத்திற்கு வந்து விசாரித்தார். நம்மவர் கணிப்பொறியைப் பார்த்து, "2019ஆம் ஆண்டிற்குப் பிறகு சந்தா வரவில்லை. பெயர் நீங்கிவிட்டது. இரண்டு முறை கடிதமும் எழுதியிருக்கிறோமே" என்று விடை கூறி அனுப்பிவிட்டனர். அப்படியொரு கடிதம் அவர் வீட்டிற்கு வந்ததேயில்லை. அம்மையார் வாதாடும் இயல்பினர் அல்லர், திரும்பிப் போய்விட்டார்.

அக்டோபர் மாதத்தில் அவருடைய மகள், தந்தையாரின் துணிப்பையொன்றில் இருந்த ரசீதுகளைக் கண்டெடுத்துத் தாயாரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். 2019 ஜூலை முதல் 2022 ஜனவரி வரை ஆறு ரசீதுகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பொருளாளரின் மேசைமீது வைத்தாள். "அண்ணாச்சி, இவை நம் சங்கத்து ரசீதுதானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் தாயார். சங்கத்து ரசீதேதான். முலுண்டுக் கிளைச் செயலாளரின் கையொப்பம் ஆறிலும் இருந்தது. பொருளாளர் நெடுநேரம் பேசவில்லை என்று உடனிருந்தோர் கூறினர். அவ்வாரமே தொகை கொடுக்கப்பட்டது. செயற்குழுவினர் நேரில் சென்று மன்னிப்பும் கேட்டனர். ஏழு மாத வாடகைக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கும் அக்குடும்பம் பட்ட கடனுக்கு அந்த மன்னிப்பு ஈடாகாது.

பிழை எங்கே நேர்ந்தது என்று காண, கணிப்பொறித் தொழிலில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவருடைய மகன் முன்வந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து பார்த்தார். பணம் எவரும் எடுக்கவில்லை, கணக்கும் தவறவில்லை. அவர் கண்ட குற்றங்கள் இரண்டு, இரண்டும் பெயரிட்டதில் நேர்ந்தவை.

முதலாவதைக் கூறுமுன், தரவுத்தளம் என்பது யாது என்று அறியாத அன்பர்களுக்கு ஒரு சொல். அது பேரேடுகள் அடுக்கிய அலமாரி என்று கொள்க. ஒவ்வொரு பேரேடும் ஓர் அட்டவணை. பேரேட்டில் கோடிட்டுத் தலைப்பு எழுதுகிறோமே, அந்தப் பத்தி இங்கே புலம் எனப்படும். வேற்றுமை ஒன்றுதான். காகிதப் பேரேட்டில் தலைப்புச் சரியில்லாவிட்டாலும் எழுத்தர் தம் அறிவினால் பொருளை ஊகித்துக்கொள்வார். கணிப்பொறி ஊகிப்பதில்லை. தலைப்பு என்ன சொல்கிறதோ அதை மட்டுமே அது அறியும்; சில வேளைகளில் தலைப்பின் எழுத்து பெரிதா சிறிதா என்பதைக்கூட வேற்றுமையாகக் கொள்ளும்.

நம் பதிவேடு 2008ஆம் ஆண்டில் அலுவலகத்துக் கணிப்பொறியொன்றில் ஏற்றப்பட்டது. அது விண்டோஸ் பொறி. தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்பது. சந்தா வரவை எழுதும் அட்டவணைக்கு ஆங்கில எழுத்தில் 'சந்தா' என்றே பெயரிட்டிருந்தனர். அலுவலகத்தில் ரசீது எழுதும் நிரலில் அப்பெயர் பெரிய 'எஸ்' எழுத்தில் தொடங்கியது. பிற்பாடு கிளைகளுக்கென வேறொருவர் எழுதிய நிரலில் சிறிய 'எஸ்' எழுத்தில் தொடங்கியது. விண்டோஸ் பொறியில் மைஎஸ்கியூஎல் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொண்டு, பெயரைச் சிறிய எழுத்தாக்கி வைத்துக்கொள்ளும். ஆகவே பதினோராண்டு எவருக்கும் எத்தொல்லையும் இல்லை.

2019 ஜூன் மாதத்தில், செலவு குறையும் என்று கருதி, பதிவேட்டை வாடகைப் பொறி ஒன்றுக்கு மாற்றினோம். அது லினக்ஸ் பொறி. அங்கே மைஎஸ்கியூஎல் ஒவ்வோர் அட்டவணையையும் அதன் பெயரிலேயே கோப்பாக வைக்கிறது. லினக்ஸிலோ பெரிய எழுத்துப் பெயரும் சிறிய எழுத்துப் பெயரும் இரு வேறு கோப்புகள். மாற்றிய இரவு, சிறிய எழுத்துச் சந்தா நலமாக வந்து சேர்ந்தது. கிளை நிரலும் ஓடியது. அலுவலக நிரல், "சந்தா என்றோர் அட்டவணை இல்லை" என்று நின்றுவிட்டது. நிரலில் ஓரெழுத்தை மாற்றியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். மாற்றிக்கொடுக்க வந்தவர் அவ்வாறு செய்யவில்லை. விடிந்தால் அலுவலகம் திறக்கவேண்டும் என்ற அவசரத்தில், பெரிய எழுத்தில் தொடங்கும் புதிய அட்டவணையொன்றை உண்டாக்கி, பழைய கணக்கு முழுவதையும் அதில் படியெடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றுமுதல் சங்கத்திற்குச் சந்தாப் பேரேடு இரண்டு. மாதுங்கா அலுவலகத்தில் செலுத்தியவர் கணக்கு பெரிய எழுத்துப் பேரேட்டில் ஏறியது. முலுண்டிலும் டோம்பிவிலியிலும் கிளைகளில் செலுத்தியவர் கணக்கு சிறிய எழுத்துப் பேரேட்டில் ஏறியது. இரண்டிலும் 2019 ஜூன் வரையுள்ள வரிகள் ஒன்றுபோலவே இருந்தமையால், மேலோட்டமாகப் பார்த்தவர் எவருக்கும் ஐயம் எழவில்லை. நல நிதிக்கு உரியவர் பட்டியலை எடுத்த நிரல் பெரிய எழுத்துப் பேரேட்டை மட்டும் படித்தது. மூன்றாண்டு காலம் கிளைகளில் ஒழுங்காகச் செலுத்திவந்தவர் அனைவரும், கணிப்பொறியின் கண்ணில், செலுத்தாதவர் ஆயினர். வேறு மரணம் அக்கிளைகளில் நேராமையால் நாம் அறியாதிருந்தோம். அம்மையார் வந்திராவிட்டால் இன்னும் அறியாமலே இருந்திருப்போம்.

எழுத்தின் பெருமை சிறுமையில் இத்தனை குழப்பம் ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். நாமும் அந்த இளைஞரைக் கேட்டோம். தொடக்கக் காலக் கணிப்பொறிகள் பலவற்றில் துளையட்டைகளும் அச்சிடும் பொறிகளும் ஆங்கிலப் பெரிய எழுத்தை மட்டுமே அறிந்தவை. அக்காலத்து எழுதுமுறைகள் பெரிய எழுத்திலேயே தோன்றின. தரவுத்தளங்களை வினவும் மொழியாகிய எஸ்.கியூ.எல். 1970களில் பிறந்து 1986இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது; மேற்கோட்குறி இன்றி எழுதிய பெயரையெல்லாம் பெரிய எழுத்தாகக் கருதவேண்டும் என்ற விதி அத்தரத்தில் உண்டு. ஆரக்கிள் அவ்விதியைப் பின்பற்றுகிறது. போஸ்ட்கிரெஸ் என்பதோ அனைத்தையும் சிறிய எழுத்தாக்குகிறது. இது தரத்திற்கு மாறுபட்டது என்று அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது. மைஎஸ்கியூஎல்லின் வழியை மேலே கண்டோம்: அட்டவணைப் பெயரில் பொறிக்கேற்ற நீதி, பத்திப் பெயரிலோ எப்பொறியிலும் பெரிது சிறிது பார்ப்பதில்லை. மேற்கோட்குறிக்குள் இட்டு எழுதினால் ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் எழுதிய எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். பின்னர் ஒவ்வொரு முறையும் அதே குறியோடு அதே எழுத்தில் அழைத்தால்தான் வரும்.

இந்த வேற்றுமைகளை எல்லாம் மனனம் செய்யவேண்டியதில்லை என்றார் இளைஞர். எல்லாப் பெயரையும் சிறிய எழுத்திலேயே எழுதி, இரண்டு சொற்கள் சேருமிடத்தில் அடிக்கோடு இட்டுவிட்டால், எந்தத் தளத்திற்குச் சென்றாலும் இத்தொல்லை எழாது. சொற்களின் நடுவே பெரிய எழுத்தை நிறுத்தி எழுதும் வழக்கமும் உண்டு. ஒட்டகத்தின் திமில் போல நடுவில் உயர்ந்து நிற்பதால் அதனை ஒட்டக நடை என்பர். நிரல் எழுதுவோர் அதனை விரும்புவர். ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற தளங்களில் மேற்கோட்குறி இன்றி எழுதினால் திமில் தேய்ந்துவிடும். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிக்க இயலாத நீண்ட சொல்லாகிவிடும். அடிக்கோடு தேய்வதில்லை.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லையே, பெயர்களைத் தமிழிலேயே எழுதிவிட்டால் என்ன என்று நம் செயற்குழுவில் ஒரு மூத்தவர் கேட்டார். கேட்டபோது எமக்கும் அதுவே நல்வழி என்று தோன்றியது. போஸ்ட்கிரெஸ் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும், தடையில்லை. ஆயினும் இரண்டு இடர்கள் உள. போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்டு அளவே இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழிலோ யூனிகோடு முறையில் எழுத்துக்கு மூன்று பைட்டு. அதிலும் புள்ளிக்கு மூன்று, கொம்புக்கு மூன்று, காலுக்கு மூன்று என்று தனித்தனியே எண்ணப்படும். 'உறுப்பினர்' என்ற சொல்லே 30 பைட்டைக் கொண்டுவிடுகிறது. 'உறுப்பினர்_குடும்ப_நல_நிதி' என்று எழுதிப் பார்த்தோம். 72 பைட்டு. தளம் அதனை 'உறுப்பினர்_குடும்ப_நல_ந' என்று வெட்டி வைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பை மட்டும் தந்தது.

மற்றோர் இடர் இன்னும் நுட்பமானது. 'பொருளாளர்' என்பதிலுள்ள 'பொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ, ஒருவர் முன்கூட்டி அவற்றை ஒருபடித்தாக்கி வைத்தாலொழிய, இரு வேறு பெயர்கள். பெரிய எழுத்துச் சந்தாவையும் சிறிய எழுத்துச் சந்தாவையுமாவது கண்ணால் பிரித்தறியலாம். இதனைப் பிரித்தறியவும் முடியாது. ஆகவே உள்ளே ஆங்கிலச் சிறிய எழுத்து, திரையில் உறுப்பினர் காண்பது தூய தமிழ் என்று முடிவாயிற்று. உள்ளே எழுதுவதிலும் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதுவதில்லை என்று தீர்மானித்தோம். 'சந்தா' என்பதையே ஒருவர் 'த' ஒலிக்கு டி எழுத்தும், ஒருவர் டி.ஹெச். எழுத்தும், இந்திப் பழக்கமுள்ள மற்றொருவர் தொடக்கத்தில் சி.ஹெச். எழுத்தும் இட்டு எழுதியிருப்பதைப் பழைய நிரல்களில் கண்டோம்.

இனி இரண்டாவது குற்றத்திற்கு வருவோம். அம்மையாருக்கு எழுதியதாகச் சொன்ன இரண்டு கடிதங்களும் உண்மையில் எழுதப்பட்டவையே. அவை முலுண்டிற்குச் செல்லவில்லை. சாத்தான்குளத்திற்கு அருகிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றன. அங்கே அக்குடும்பத்தின் வீடு பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது.

காரணம் 'ஊர்' என்ற பத்தி. இரும்புப் பெட்டியிலிருந்த பழைய பேரேட்டை எடுத்துப் பார்த்தோம். தோல் முதுகு கட்டிய தடித்த புத்தகம். முதற்பக்கத்தில் அழகிய கையெழுத்தில் ஐந்து தலைப்புகள்: எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர், தேதி. இதை எழுதியவரைக் குறைகூற மாட்டோம். அவர் காலத்தில் சங்கம் ஒரு சில தெருக்களுக்குள் அடங்கியது. எல்லோர் குடியிருப்பும் செயலாளருக்குத் தெரியும். தெரியாதது சொந்த ஊர்தான். ஆகவே ஊர் என்றால் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம். பின்வந்த எழுத்தர்கள் அதே பத்தியில் தாராவி என்றும் செம்பூர் என்றும் எழுதத் தொடங்கினர். அவர்களுக்கு ஊர் என்றால் குடியிருக்கும் இடம். புத்தகத்தின் நடுவில் ஒரே பக்கத்தில் ஒரு வரி திருச்செந்தூர், அடுத்த வரி கோலிவாடா. எழுத்தர் ஒவ்வொருவரும் தாம் எழுதியது இன்னதென்று அறிந்திருந்தனர். 2008இல் இதனைக் கணிப்பொறியில் ஏற்றியவர் தலைப்பை மாற்றாமல் 'ஊர்' என்றே ஏற்றினார். கடிதம் எழுதும் நிரல், முகவரி தனியாக இல்லாத இடத்தில் 'ஊர்' என்றதை எடுத்துக்கொண்டது.

இதிலே ஒரு வியப்பு. இவ்வகைத் தரவுத்தளங்களுக்கு அடிகோலியவர் எட்கர் காட் என்பவர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கணித அறிஞர். 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரையிலேயே நம் 'ஊர்' போன்ற சிக்கல் பேசப்படுகிறது. எந்தப் பத்தி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பயனாளர் நினைவில் வைத்திருக்கவேண்டியதில்லை, பெயரைக்கொண்டே அழைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படியாயின் ஒரே இனத்துப் பொருள் இரண்டு பத்திகளில் வரும்போது என்செய்வது? அவர் காட்டிய எடுத்துக்காட்டு பொறியுறுப்புகள் பற்றியது. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பிற்குள் அடங்குவதை எழுதும் அட்டவணையில் 'உறுப்பு' என்ற சொல் இருமுறை வரும். ஒன்று அடங்குவது, மற்றொன்று அடக்கிக்கொள்வது. ஆகவே ஒவ்வொன்றிற்கும் அது ஏற்ற பாத்திரத்தைக் காட்டும் அடைமொழி கட்டாயம் வேண்டும் என்றார் காட். அவர் உறுப்புக்குச் சொன்னதை நாம் ஊருக்குக் கொள்ளவேண்டியதுதான். ஒரே ஊரில் பிறந்து அங்கேயே வாழ்பவருக்கு ஊர் என்ற ஒரு பத்தி போதும். பிழைக்க வந்த நமக்கு இரண்டு வேண்டும்.

புதிய பதிவேட்டில் 'ஊர்' என்று தனித்து நிற்கும் பத்தி இராது. சொந்த ஊர் ஒன்று. குடியிருக்கும் முகவரி ஒன்று. 'தேதி' என்பதும் தனித்து இராது. சேர்ந்த தேதி, பிறந்த தேதி, செலுத்திய தேதி என்று முழுமையாக எழுதப்படும். பழைய பேரேடுகளில் இதுவும் அதே கதிதான், விரித்துரைக்கத் தேவையில்லை.

பெயர் என்ற பத்தி நம்மவர்க்குத் தனித் தலைவலி. மராட்டிய அன்பர்கள் தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றாக எழுதுவர். இம்மாநிலத்து விண்ணப்பங்கள் பலவும் அவ்வாறே மூன்று கட்டங்களோடு இருக்கும். நாமோ தந்தையாரின் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு நிற்பவர். மு. கந்தசாமி என்பவர் மகன் க. செல்வம், செல்வத்தின் மகள் செ. மீனா. இவர்களைக் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்திற்குள் புகுத்தினால் தந்தைக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று என்று மூன்று குடும்பமாகிவிடுவர். ஆதாரில் பெயர் ஒரே பத்தி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர் என இரண்டு. வருமான வரி எண்ணுக்குரிய பழைய விண்ணப்பம் மூன்று பத்தி கேட்டு, தலைப்பெழுத்து கூடாது என்றும் கண்டித்தது. மூன்றையும் மூன்று விதமாக நிரப்பிவிட்டு ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அலைபவர் நம்மில் எத்தனை பேர்! பாஸ்போர்ட்டில் ஒரே பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்கா செல்லும் நம் பிள்ளைகளுக்கு, விசாவில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சாகிறது. அங்கே சிலர் அதனையே அவர் பெயரென்று எண்ணி அழைக்கின்றனராம்.

பத்தியின் தலைப்பை வகுத்தவர் தம் ஊர் வழக்கத்தையே உலக வழக்கம் என்று கொண்டதனால் வந்த வினை இது. பிறரைச் சொல்வானேன்? நம் பதிவேட்டில் 'தகப்பனார் பெயர்' என்ற பத்தி கட்டாயமாக இருக்கிறது. மணமான பெண்கள் தாமே உறுப்பினராகச் சேர்ந்தபோது அதில் சிலர் தந்தை பெயரும் சிலர் கணவர் பெயரும் எழுதியிருக்கின்றனர். ஆகவே புதிய ஏட்டில் பெயர் ஒரே பத்தி. உறுப்பினர் எப்படி எழுதித் தருகிறாரோ அப்படி. தலைப்பெழுத்தின் விரிவு மற்றொரு பத்தி; விரும்பினால் நிரப்பலாம். குடும்பத்தை ஒன்றுசேர்க்கப் பெயரை நம்பாமல், குடும்ப எண் என்று தனிப் பத்தி. பெயர்களை முழுவதும் பெரிய எழுத்தில் ஏற்றும் பழைய வழக்கமும் விடப்படும். அப்படி ஏற்றிவிட்டால், பெயருக்குள் எது தலைப்பெழுத்து, எது இரண்டெழுத்துச் சொல் என்று பின்னால் எவராலும் பிரிக்க முடிவதில்லை.

சில்லறை விஷயங்கள் இரண்டு. குருதி வகையை எழுதும் பத்திக்கு முன்னர் 'குரூப்' என்று மட்டும் பெயரிட்டிருந்தனர். அச்சொல் எஸ்.கியூ.எல். தனக்கென ஒதுக்கிக்கொண்ட ஏவற்சொற்களுள் ஒன்று. பத்தியின் பெயராக நின்றால் வினவும்போதெல்லாம் பிணங்கும். 'பிளட்' என்ற சொல்லை முன்னே சேர்த்து அடிக்கோடிட்டு எழுதப் பிணக்குத் தீர்ந்தது. அட்டவணைப் பெயர் ஒருமையா, பன்மையா என்பதில் கணிப்பொறியாளரிடையே தீராத பூசல் உண்டென்று கேள்வி. 'உறுப்பினர்' என்பதா, 'உறுப்பினர்கள்' என்பதா என்று நம் செயற்குழுவிலும் அது அரைமணி நேரத்தை விழுங்கியது. எதுவாயினும் எல்லா அட்டவணைக்கும் ஒன்றாயிருந்தால் சரி என்பது எம் கருத்து. பன்மை வென்றது.

இவையனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் நேரே அதன் பொருளைத் தமிழில் ஒரு வரியாகக் குறித்து, செயலாளரும் பொருளாளரும் கையொப்பமிட்டிருக்கின்றனர். இனி எவர் வந்து நிரல் எழுதினாலும் அத்தாளைப் பார்த்தே எழுதவேண்டும். புதிய அட்டவணை உண்டாக்குவதாயின் செயற்குழுவைக் கேட்டே உண்டாக்கவேண்டும். இரண்டு சந்தாப் பேரேடுகளையும் ஒப்பிட்டு ஒன்றாக்கும் வேலை இளைஞர் மூவரால் நடைபெற்றுவருகிறது.

ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. புதிய படிவத்தை மாதிரிக்காகச் சில குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். தாராவியில் ஒரு கல்லூரி மாணவி 'சொந்த ஊர்' என்ற பத்தியை நிரப்பாமல் கொண்டுவந்தாள். "ஐயா, பாட்டனார் ஊரை எழுதவா, எனக்குத் தெரிந்த ஊரை எழுதவா? நான் பிறந்தது இங்கே, என் அப்பா பிறந்ததும் இங்கே. அந்த ஊருக்கு ஒரே ஒருமுறை கொடை விழாவுக்குப் போயிருக்கிறேன்" என்றாள். 'முன்னோர் ஊர்' என்று தலைப்பை மாற்றலாம் என்றார் செயலாளர். பெரியவர் ஒருவர் அதற்கு இசையவில்லை. தாம் உயிரோடிருக்கையில் தம் ஊரை முன்னோர் ஊர் என்று எழுதமாட்டேன் என்றார். இரண்டு பத்தியும் வைக்கலாம் என்பாரும் உளர்.

இத்தலைப்பு என்னவாக இருத்தல் வேண்டும் என்று அன்பர்கள் தம் கருத்தை இம்மாத இறுதிக்குள் அலுவலகத்திற்கு எழுதி அனுப்ப வேண்டுகிறோம். 2019 ஜூலைக்குப் பின் கிளைகளில் சந்தா செலுத்தியவர்கள் தம் ரசீதுகளை எடுத்துக்கொண்டு எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு மேல் வரலாம். ரசீது தவறியிருந்தாலும் வரலாம். கிளைச் செயலாளர்களின் அடிக்கட்டைகள் நம்மிடம் இருக்கின்றன.